வெறுங்கையோடு போகாதவள்

எங்கள் வீட்டில் அரிசி விலைக்கு வாங்கிச் சமைத்ததில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் என் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. உடனே மற்றதெல்லாம் ஞாபகம் வந்து தானாகக் குனிந்துகொள்கிறது.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிற ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் ஒரு பெண் கடைப் பையில் அரிசி கொண்டுவந்தால் மறுநாளே கேட்டுவிடுவார்கள், வயலை வித்தாச்சா என்று. ரேஷன் அரிசி வாங்குவோம், இல்லையென்று சொல்லவில்லை. அது தோசைக்கும் கோழிக்கும். உலையில் போடுவது வயல் அரிசிதான். இன்னொரு வழக்கமும் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகமாட்டோம். கொஞ்சம் அரிசியாவது ஒரு சீப்பு வாழைப்பழமாவது பையில் இருக்கும். இதில் நான் மற்றவர்களையும் மிஞ்சியவள். ஊசி போட்டுக்கொள்ளப் போனாலும் டாக்டருக்கு வாழைத்தார் தூக்கிக்கொண்டு போவாள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் கேலி செய்வதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கடற்கரைக்காரர்களோடு எங்களுக்குக் கூட்டு ஏற்பட்டது தூத்துக்குடியில் ஒரு மண்டபத்தில். ஒரு தொண்டு நிறுவனமும் விவசாய அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய கூட்டம் அது. மேடையில் பெரிய பேனர் கட்டி, காலநிலை மாற்றம், உணவுப் பாதுகாப்பு, கூட்டாண்மை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பேசியவர்கள் பாதிக்கு மேல் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் புரிந்தவரை விஷயம் சின்னதுதான். மழை இனிமேல் வரவேண்டிய நேரத்தில் வராது, வந்தால் அளவோடு நிற்காது, கடலும் அதே கதைதான், அதனால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இதைச் சொல்ல ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கமும் கடற்கரைப் பெண்கள் மறு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. அவர்கள் பக்கமிருந்து காற்று வீசியபோது நான் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. எதிர்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். என்னைவிட மூத்தவர், அகன்ற தோள், காதில் பெரிய கம்மல். அவர் எழுந்து நேராக வந்து என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். "மூக்கைத் தொறந்து வையி, ஏளா. நீ மூச்சு முட்டி விழுந்துட்டா கூட்டம் கலைஞ்சிரும், சாப்பாடு போடமாட்டாவ" என்றார். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அன்றைக்கே அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார்.

கூட்டு இப்படித்தான். மீன் ஏலக்கூடத்தில் வெட்டிப் போடுகிற தலை, குடல், செதிள் எல்லாவற்றையும் அவர்கள் பொறுக்கிவந்து, கருப்பட்டியோடு டிரம்மில் போட்டு மூடிவைப்பார்கள். நாள் போகப் போக அது தேன் நிறத்தில் கரைந்து மீன் அமிலம் ஆகும். தண்ணீரில் கலந்து நெல்லுக்குத் தெளித்தால் பயிர் கருகருவென்று வரும், உரக்கடைப் பக்கம் போகவேண்டாம். அதற்குப் பதிலாக நாங்கள் நெல் கொடுப்போம். சித்திரை பிறந்ததும் மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகளைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்திவைப்பார்கள். அந்தத் தடைக்காலம் முழுக்கப் படகுத் தொழிலாளிகள் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். அது போதாதென்று, இப்போதெல்லாம் நினைத்தபோது துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றினால் அன்றைக்கும் படகு போகாது. அந்த நாட்களுக்கு எங்கள் நெல். அரிசியாகக் கொடுத்தால் கடல் காற்றில் வண்டு விழுந்துவிடும் என்பதால் நெல்லாகவே வாங்கி மச்சில் அடுக்கி, தேவைக்குத் தேவை மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வார்கள்.

கூட்டத்தின் கடைசியில் யாராவது ஒருவர் பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். மைக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் கஷ்டத்தில் நீங்கள், உங்கள் கஷ்டத்தில் நாங்கள், கேட்காமலே வந்து நிற்போம் என்று முழங்கினேன். கைதட்டினார்கள். கேட்காமலே என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் கொடுத்த நெல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அதற்குத் தனிப் பெயர் கிடையாது, நம்ம நெல்லு என்போம். குண்டு மணி, அரிசியில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். மகசூல் கொஞ்சம் கம்மி என்று ஊரில் மற்றவர்கள் அதைக் கைவிட்டு, விவசாய டிப்போவில் கொடுக்கிற விதைக்கு மாறிவிட்டார்கள். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் பள்ளத்து வயல்களில் தண்ணீர் தேங்கி டிப்போ நாற்றெல்லாம் அழுகியபோது, இது மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலை தூக்கியது. அதிலிருந்து எங்கள் சங்கம் முழுக்க அதைத்தான் போட்டது. வருஷா வருஷம் விதைக்கு வேண்டியதை எடுத்து, வாய்க்கால் ஓரத்துச் சங்கக் கட்டடத்தில் ஒரே அறையில் மொத்தமாக வைத்தோம். அந்த அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். நடக்கும்போது கொஞ்சம் சத்தம் வரட்டும் என்று தளர்த்தியாகவே செருகியிருப்பேன்.

பிறகு அந்த மார்கழி வந்தது. ஆறு வாய்க்காலை விட்டுத் தெருவுக்கு வந்த கதையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் மொட்டை மாடியில் நின்றோம். விடிந்ததும் வயலுக்கு மேலே படகு வருவதைப் பார்த்தோம். கடற்கரைப் பையன்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றி, ரோடு முடிந்த இடத்தில் இறக்கி, என் நாற்றங்கால் இருந்த இடத்துக்கு மேலேயே ஓட்டி வந்தார்கள். என்னைத் தூக்கிப் படகில் வைத்த பையனிடமும் மீன் வாடை அடித்தது. மூக்கை மூட எனக்குக் கையும் ஓடவில்லை, மனசும் வரவில்லை.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். அங்கே அண்டாவில் சோறு. வரிசை நீண்டு கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தட்டை ஏந்திக்கொண்டு சோற்றுக்காக நின்றேன். கரண்டியோடு நின்றது அக்கா. அவரும் கடற்கரைப் பெண்களும் கேள்விப்பட்டதும் கிளம்பி வந்திருக்கிறார்கள், கேட்காமலே. என்னைக் கண்டதும் அவர் மற்றவர்களுக்குப் போட்டதைவிட ஒரு கரண்டி கூடப் போட்டார். அந்தக் கூடுதல் கரண்டிதான் என்னைக் கொன்றது. தூணுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு வெட்கம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் அவர் மேல் கோபமும் வந்தது. நெல் விளைகிற ஊர்க்காரிக்கு நீ சோறு போடுவதா என்று ஒரு கேவலமான கோபம்.

தண்ணீர் வடிந்ததும் அவர்கள் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மறுபடி வந்து எங்கள் வீடுகளைக் கழுவிவிட்டார்கள். சங்கக் கட்டடத்தைத் திறந்தபோது அக்கா என் பக்கத்தில் இருந்தார். விதை மூட்டையெல்லாம் ஊதி வெடித்து, நெல் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு அழுகிக் கிடந்தது. நாற்றம் தாங்கவில்லை. அவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"இதுதான் வித்தா? எல்லாமா போச்சு?"

ஆமாம், கண் தெரியவில்லையா என்று சீறினேன். அவர் கையை உதறிவிட்டு எதையோ யோசித்துக்கொண்டு நின்றார். பரிதாபப்படுகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வயலில் நின்ற பயிரையும் ஆறு விட்டுவைக்கவில்லை. தேங்கின தண்ணீரென்றால் எங்கள் நெல் தாங்கியிருக்கும். வந்தது ஆற்று மணல். பயிருக்கு மேல் மணல் ஏறி, எது வரப்பு எது வயல் என்றே தெரியவில்லை. தையும் மாசியும் மணல் வாருவதிலேயே போயின. அறுவடை என்று ஒன்று அந்த வருஷம் இல்லை. பங்குனியில் சங்கம் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். ஆனி கார் பருவத்துக்குள் நம்ம நெல்லு விதை எங்காவது கிடைத்தால் அதைப் போட்டுப் பெருக்குவது, கிடைக்காவிட்டால் டிப்போ விதை. தேடுகிற பொறுப்பு என்னுடையது. ஆற்றின் மேல்பக்கம் எத்தனையோ ஊருக்குப் போய்க் கேட்டேன். ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டுப் பார்த்தோம். யாரிடமும் இல்லை. எல்லோரும் கைவிட்டதை நாங்கள் மட்டும் வைத்திருந்தோம் என்று பெருமைப்பட்டேனே, அந்தப் பெருமையின் மறுபக்கம் இப்படி இருந்தது.

சித்திரை நெருங்க நெருங்க அக்காவின் போன் வர ஆரம்பித்தது. தடைக்காலம் வருகிறது, நெல் வருமா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வேறு ஒரு காரணம் இருக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. கேட்காமலே வந்து நிற்போம் என்று மைக்கில் கத்தியவள், அவர் வாயால் கேட்கும்போது இல்லையென்று எப்படிச் சொல்லுவேன். எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கட் பண்ணினால் தெரிந்துவிடும் என்று.

"எடுத்துத்தான் பேசேன். அந்த அம்மா என்ன கடிச்சா திங்கப்போறாவ?" என்றார் வீட்டுக்காரர்.

உங்களுக்கு ரோஷம் இல்லை, எனக்கு இருக்கிறது என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போன் சில நாள் விடாமல் அடித்தது. அப்புறம் எப்போதாவது அடித்தது. அப்புறம் நின்றுவிட்டது. நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. தடைக்காலம் பாதியைத் தாண்டியது. அங்கே என்ன சமைக்கிறார்களோ என்ற நினைப்பு சாப்பிட உட்காரும்போதெல்லாம் வந்தது. சங்கத்தில், நேரே போய் இல்லையென்றே சொல்லிவிட்டு வாருங்கள், அவர்களுக்குத் தெரியாதா நம் நிலைமை என்றார்கள். அதுதான் சரி. ஆனால் வெறுங்கையோடு போவது என்ற ஒன்றை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி முத்தையாபுரம் போனேன். அங்கே ஒரு அரிசிக் கடையில் இரண்டு மூட்டை வாங்கினேன். கடை அண்ணாச்சி எந்த ஊர் என்று விசாரித்தார். சொல்லியிருக்கக்கூடாது, சொன்னேன்.

"நெல்லு விளையுத ஊர்லயிருந்து இங்கன அரிசி வாங்க வந்துட்டியளே" என்றார். அவர் ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை, வெள்ளத்தை நினைத்து வருத்தமாகத்தான் சொன்னார். அதற்கு மேல் ஒன்று அவரிடம் கேட்கவேண்டியிருந்தது. கடைப் பெயர் போட்ட பையைப் பிரித்து, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த சணல் சாக்கில் மாற்றித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு கடைப் பையனைக் கூப்பிடாமல் அவரே குனிந்து சாக்கைப் பிடித்தார். எங்கள் ஊர்ச் சாக்கில் ஊர் பேர் தெரியாத அரிசி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தெருவில் தெரிந்த முகம் எதுவும் வருகிறதா என்று பார்த்தபடி நின்றேன்.

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது நடுப்பகல். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஆண்கள் சிலுவை வைத்த குருசடி நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலுக்கு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆள் மெலிந்திருந்தார், கம்மல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மூட்டையைப் பார்த்ததும், இதெல்லாம் எதற்கு, நீங்கள் இருக்கிற நிலைமையில் என்று பதறினார். இந்தமுறை உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று அரிசியாகவே அரைத்துக் கொண்டுவந்திருக்கிறோம் என்றேன். ஒரு பொய் சுலபமாக வந்தது. அடுத்தது அதைவிடச் சுலபமாக வந்தது. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். வெள்ளத் தண்ணீர் பட்டு போன் கெட்டுப்போனது, அன்றையிலிருந்து பேச முடியவில்லை என்றேன்.

"அதானே. நீ எடுக்காம இருப்பியா" என்றார் அக்கா.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பாயை விரித்தார். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. தட்டில் சோற்றைப் போட்டார். குண்டு மணி. ஒவ்வொரு பருக்கையிலும் மெல்லிய சிவப்புக் கோடு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை. நம்ம நெல்லு இருக்கிறது, பூமியில் எங்கோ ஒரு மூட்டை தப்பியிருக்கிறது என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை ஊர் ஏறி இறங்கினேன், இங்கே கேட்கவேண்டும் என்று தோன்றவில்லையே என்று சிரிப்புகூட வந்தது.

"அக்கா, இது எங்க நெல்லுல்லா? இன்னும் வச்சிருக்கியளா?"

அவர் முகம் மலர்ந்தது. கதையை முதலிலிருந்து சொன்னார். வெள்ளத்துக்கு முந்தின வருஷம் நாங்கள் கொடுத்ததில் மூட்டைகள் சில மீதி இருந்தன. எங்கள் விதை அறையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவற்றைத் தனியாக மச்சில் ஏற்றிவிட்டார். இது வயல்காரர்களின் வித்து, ஒருவரும் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறார். நேரில் வரலாமென்றால், தடைக்காலம் நெருங்கின நேரத்தில் வந்து நின்றால் நெல் கேட்க வந்தமாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். நாங்கள் கூப்பிடாததைப் பார்த்து, வேறு எங்கோ விதை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"பிள்ளைய எல்லாம் பசின்னு நிக்கும்போதும் நான் மச்சுல கைய வைக்கவிடலளா. பக்கத்து வீட்டுக்காரிய எல்லாம் ஏசினாளுவ. வயல்காரவியளுக்கு விதை கெடச்சாச்சு, பெறவு எதுக்கு இதக் கட்டிக் காக்கியன்னு. கடைசியில போன வாரந்தான் மில்லுக்கு அனுப்புனோம்."

"எல்லாத்தையுமா அக்கா?"

"எல்லாத்தையுந்தான். எல்லா வீட்டுக்கும் பிரிக்கணும்லா." என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "உங்களுக்கு விதை கெடச்சிட்டுல்லா?"

அந்த நேரத்தில் என் பையில் போன் அடித்தது.

வீட்டுக்காரர்தான். சாப்பாட்டு நேரத்துக்கு எங்கே போனாள் என்று கூப்பிடுகிறார். சின்ன வீடு, போன் அடிக்கிற சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. வெள்ளத்தில் கெட்டுப்போன போன், நல்லபடியாக, முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அக்கா என் பையைப் பார்த்தார். பிறகு வாசலில் கிடந்த சாக்கைப் பார்த்தார். வண்டியிலிருந்து இறக்கும்போது வாய் கொஞ்சம் அவிழ்ந்து, அரிசி வெள்ளையாக, ஒல்லியாக வெளியே சிந்தியிருந்தது. இத்தனை வருஷம் எங்கள் அரிசியைப் பொங்கினவருக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. இரண்டு பொய்யும் ஒன்றாக அவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வாய்க்கு ஈடாக அவருக்கும் வாய் உண்டு, ஏலக்கூடத்தில் அவர் போட்ட சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் எழுந்து போய், சிந்தின அரிசியை வழித்து உள்ளே போட்டு, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எடுத்துப் பேசுளா. வீட்டுல தேடுவாவ."

எடுத்தேன். வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். விதை கிடைக்கவில்லை அக்கா என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். ஏதோ அவர் செய்த தப்பு மாதிரி, இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே, ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுதான் எல்லாவற்றையும்விட என்னை நார்நாராகக் கிழித்தது. எங்கள் விதையை அவர் பிள்ளைகளின் பசியிலிருந்துகூடக் காப்பாற்றி வைத்திருந்தார். என் ரோஷத்திலிருந்து அவரால் காப்பாற்ற முடியவில்லை.

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மிச்சம் வைக்க முடியாது, அந்தச் சோற்றை மிச்சம் வைத்தால் என்னை என்னவென்று சொல்வது. கொட்டவும் முடியாது, விழுங்கவும் முடியவில்லை. ஒவ்வொரு பருக்கையும் ஒரு நாற்று என்று கணக்குத் தெரிந்தவள் நான். தின்றேன். அக்கா குழம்பு ஊற்றினார். மறுசோறு போட வந்தபோது கையை மறித்தேன், அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போட்டமாதிரியே ஒரு கரண்டி கூடப் போட்டார். கண்ணீர் குழம்பில் விழுந்தது, அதையும் சேர்த்துத் தின்றேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். முந்தானையில் மீன் வாடை. நான் முகத்தை எடுக்கவில்லை.

புறப்படும்போது வழக்கம்போல் ஒரு கேனில் மீன் அமிலம் ஊற்றிக் கொடுத்தார். வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது, வாங்கிக்கொண்டேன்.

சங்கத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். போன் அடித்து நான் எடுக்காமல் உட்கார்ந்திருந்ததை, அரிசியைச் சாக்கு மாற்றியதை, கடைசிப் பிடிவரை. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒருத்தி, ஒரு போனு எடுத்திருந்தா போதுமே என்று சொன்னாள். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து நடுவில் வைத்தேன். நீயே வைத்துக்கொள், இனி அதில் பூட்டிவைக்க என்ன இருக்கிறது என்றார்கள். அவர்கள் சும்மாதான் சொன்னார்கள். இப்போது அதை இடுப்பில் செருகுவதில்லை, அடுப்படி ஆணியில் தொங்குகிறது.

டிப்போ விதையைத்தான் போட்டோம். கார் ஒருமாதிரி தேறியது. அடுத்து மழைக்காலப் பிசானப் பருவத்துக்கு நட்டபோது ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, பள்ளத்து வயல்களில் நாற்று அழுகியது. நம்ம நெல்லாக இருந்தால் நின்றிருக்கும். வரப்பில் நின்று எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம். என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

மேட்டு வயலில் விளைந்ததைக் கொண்டு கூட்டு இன்னும் நடக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. டிப்போ விதையேயானாலும் இனி ஒரே இடத்தில் வைப்பதில்லை. பாதி எங்களிடம், பாதி அக்கா வீட்டு மச்சில். சோற்று நெல்லும் விதை நெல்லும் ஒரே மாதிரிச் சாக்கில்தான் போகின்றன. இந்தத் தடைக்காலம் பிறந்ததும் அக்காவின் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"ஏளா, ஒரு மூட்டையப் பிரிக்கணும். ஜன்னல் ஓரத்துல இருக்கே, அது திங்கவா, வைக்கவா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருக்கிறது. பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்கிறது, மில்லுக்குப் போகிற வண்டி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் பதில் சொல்லும்வரை சாக்கின் கட்டை அவிழ்க்காமல் காத்துக்கொண்டிருக்கிறார்.

திங்கத்தான் அக்கா என்றேன்.

"சங்கத்துல நல்லாக் கேட்டுச் சொல்லுளா" என்றார்.